ஓராண்டை நோட்டில் திரும்பிப் பார்ப்பது: நெல்லைச் சீமையில் நேரில் வரையத் தொடங்குவோருக்கு

நேரில் போய் உட்கார்ந்து வரைகிறவர்களிடம் ஆண்டுக் கடைசியில் ஒரு வழக்கம் உண்டு. நிரப்பிய நோட்டுகளை எல்லாம் எடுத்துப் போட்டு, நன்றாக வந்த படங்களை மட்டும் பொறுக்கி நாலு பேருக்குக் காட்டுவார்கள். காட்டட்டும், பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அப்படிப் பொறுக்கும்போது ஒதுக்கித் தள்ளுகிற பக்கங்களில்தான் அந்த ஆண்டு இருக்கிறது. ஆடிக் காற்றில் பாதியில் நின்ற கோடு, மழைத்துளி விழுந்து ஊறிய பச்சை, பஸ் கிளம்பிவிட்டதால் தோளோடு முடிந்துபோன ஆள்: எங்கே போனோம், எந்த நேரத்தில் போனோம், எதைப் பார்த்தோம் என்று சொல்லக்கூடியவை இவைதான்.

இதுவரை வரைந்து பழகாதவருக்காக இதை எழுதுகிறேன். ஓராண்டு வரைவது எப்படி, பிறகு அந்த ஓராண்டைத் திரும்பிப் பார்ப்பது எப்படி என்பது விஷயம். திரும்பிப் பார்க்கும் வேலையைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போட முடியாது. முதல் பக்கத்திலேயே அதற்கு வழி செய்துவிட வேண்டும். ஜனவரிக்கோ சித்திரைக்கோ காத்திருக்கவும் வேண்டாம். எந்த மாதத்தில் தொடங்கினாலும் பன்னிரண்டு மாதம் கழித்து அதே மாதம் வரும்.

நோட்டு, பேனா, வண்ணம்

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய நோட்டு போதும். ஏ5 அளவு தோள்பையில் அடங்கும், மடியில் நிற்கும். வெறும் பேனாவில் வரைவதென்றால் 150 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் தாங்கும், நீர்வண்ணம் பூச நினைப்பவர்கள் 200க்கு மேல் வாங்கவும். 300 ஜி.எஸ்.எம். தாளில் தண்ணீரைத் தாராளமாக விடலாம். ஆனால் நோட்டு கனத்துப்போகும், பக்கமும் குறையும். புதியவருக்கு நல்ல தாளைவிட நிறையத் தாள்தான் முக்கியம்.

பேனாவில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, மை நீரில் கரையக்கூடாது. ஒரு கோடு போட்டு, ஒரு நிமிடம் விட்டு, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். கலைந்தால் அந்தப் பேனா கணக்கெழுத ஆகும், இதற்கு ஆகாது. வண்ணத்தில் அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, எலுமிச்சை மஞ்சள் மூன்றும் இருந்தால் இந்தச் சீமையில் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். நீலமும் சியன்னாவும் கலந்தால் கல் மண்டபத்தின் சாம்பல் வரும். சியன்னா தனியாகத் தேரியின் செம்மணலுக்கு ஆகும். மஞ்சளில் நீலம் கொஞ்சம் சேர்த்தால் நாற்றங்கால் பச்சை. தாளைப் பிடிக்க இரண்டு கிளிப், துடைக்க ஒரு பழைய வேட்டித் துண்டு. மடக்கு நாற்காலி வேண்டாம் என்பது என் கட்சி. நம் ஊரில் உட்கார இடமா இல்லை? படித்துறை, கோயில் திண்ணை, டீக்கடைப் பெஞ்சு எல்லாம் கிடக்கின்றன.

ஒரு பக்கத்தை வரைவது

இடத்துக்குப் போனதும் நோட்டைத் திறக்காதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எது அசைகிறது, எது அசையாமல் இருக்கிறது என்று பாருங்கள்.

பிறகு அளவு. கோபுரத்தை வரைகிற புதியவர்கள் பெரும்பாலும் கலசத்திலிருந்து தொடங்குவார்கள். வாசல் வருவதற்குள் தாள் தீர்ந்துவிடும். அதற்குப் பதில் பென்சிலை நீட்டிய கையில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, வாசலின் அகலத்தைப் பென்சிலில் கட்டைவிரலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அகலம் கோபுரத்தின் உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணுங்கள். தாளில் உச்சிக்கு ஒரு புள்ளி, அடிக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து கண்மட்டம். உங்கள் கண் இருக்கும் உயரத்தில் தாளின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். தரையில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கோடு எதிரே நிற்கிறவரின் இடுப்பு மட்டத்துக்கு வரும். கட்டடத்தின் பக்கச் சுவரில் கண்மட்டத்துக்கு மேலே இருக்கும் விளிம்புகள் தூரம் போகப் போகக் கீழே சரியும்; கீழே இருப்பவை மேலே ஏறும். ரத வீதியில் உட்கார்ந்து ஒரு வரிசை மாடிக் கடைகளை வரைந்தாலே இது கைக்கு வந்துவிடும். புத்தகத்தில் படித்தால் ஒரு மாதம் ஆகும்.

நிழலை முதல் பத்து நிமிடத்திலேயே குறித்துவிடுங்கள். சூரியன் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை நகர்கிறது. நீங்கள் மூன்றாவது நிலைக்கு வருவதற்குள் நிழல் வேறு சுவருக்குப் போயிருக்கும். நம் அட்சரேகைக்கு இன்னொரு விசேஷம் உண்டு. திருநெல்வேலி பூமத்திய ரேகைக்கு வடக்கே 8.7 பாகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் 12 வாக்கிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும்; நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. அந்த நண்பகலும் கடிகாரத்தில் 12 மணிக்கு வராது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவதால் நமக்கு ஏறத்தாழ 12.20 ஆகிவிடும். அந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் உச்சிவெயில் வடக்கிலிருந்து அடிக்கும். வடக்குப் பார்த்த சுவர்கள் நடுப்பகலில் வெளிச்சம் வாங்குவது அந்த நாலரை மாதங்களில் மட்டும்தான். இதைத் தெரிந்துகொண்டால், தேதி எழுத மறந்த பக்கத்தில்கூட நிழலை வைத்து மாதத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம்.

ஆட்களை வரையப் பயப்படாதீர்கள். ஆனால் நடந்து போகிறவரைத் துரத்த வேண்டாம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவரைத் தேடுங்கள். புரோட்டா மாஸ்டரைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார். மாவை உருண்டை பிடிப்பது, வீசுவது, சுருட்டி வைப்பது, கல்லில் தட்டிப் போடுவது, வெந்ததை அடுக்கி இரு கையாலும் அடித்து உதிர்ப்பது என்று அவருக்கு ஐந்து நிலைகள். பக்கத்தை ஐந்து கட்டமாக மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். வீசும்போது வீசும் கட்டத்தில் ஒரு முதுகுக் கோடு, அவ்வளவுதான். அடிக்கும்போது அடுத்த கட்டத்தில் முழங்கை. அவர் மறுபடி வீசுவார். முதுகோடு தோளைச் சேருங்கள். ஒரு குண்டான் மாவு தீர்வதற்குள் ஐந்து பேரும் முழுசாக நிற்பார்கள். எண்ணெய்க் கல்லின் புகையை மட்டும் விட்டுவிடுங்கள். புகையை வரையப் போனால் எல்லாரும் கார்ட்டூன் போட்டதாக நினைப்பார்கள்.

முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரு பக்கத்தில் உட்கார வேண்டாம். அதற்குப் பிறகு போடுகிற கோடுகள் பெரும்பாலும் இருந்த நல்லதையும் கெடுக்கும்.

நாலு வரிக் குறிப்பு

எழுந்திருக்கும் முன், பக்கத்தின் ஓரத்தில், அழியாத மையில் நாலு விஷயம் எழுதுங்கள். இடம், தேதியும் தமிழ் மாதமும், தொடங்கிய நேரமும் முடித்த நேரமும், நீங்கள் வரையாத ஒன்று. கடைசிதான் முக்கியம். காதில் விழுந்த பேச்சு, காற்றின் திசை, பக்கத்துக் கடையில் வறுபட்ட கடலை வாசனை, எதுவாகவும் இருக்கலாம். பின்பக்கத்தில் எழுதாதீர்கள், படம் எடுக்கும்போது அது விட்டுப்போகும்.

இது புதுப் பழக்கம் இல்லை. 1792இல் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் மதராசிலிருந்து தெற்கே கிளம்பி வந்தபோது பாபநாசம் அருவியை நேரில் வரைந்தார்கள். அதை அச்சுச் சித்திரமாக்கியதோ பல ஆண்டுகள் கழித்து, லண்டனில். அங்கே உட்கார்ந்து பொதிகை அடிவாரத்தை மீட்டெடுக்க அவர்களுக்குக் கையிருப்பு அந்தப் பயணத்தில் போட்ட படங்களும் எழுதிய குறிப்புகளும்தான். நம் காலத்தில், சியாட்டில் நகரப் பத்திரிகையாளர் கேப்ரியல் காம்பனாரியோ 2007இல் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ இயக்கமும் இதையே கொள்கையாக வைத்திருக்கிறது. புகைப்படத்தைப் பார்த்து வரையாமல் இடத்தில் இருந்து வரைய வேண்டும். படம் அந்தக் காலத்துக்கும் இடத்துக்கும் பதிவாக இருக்க வேண்டும். தேதி இல்லாத பக்கம் எப்படிப் பதிவாகும்?

கேட்க வருகிறவர்கள்

ரத வீதியில் நோட்டைத் திறந்து பத்து நிமிடத்துக்குள் யாராவது பின்னால் வந்து நிற்பார். நிற்கிறவருக்குச் சந்தேகம் ஒன்றுதான்: “சர்வேயா அண்ணாச்சி?” பென்சிலை நீட்டி அளந்ததைப் பார்த்திருப்பார், வீதியை அகலப்படுத்தப் போகிறார்களோ, தன் கடைப் படியை இடிப்பார்களோ என்ற கவலை. நோட்டை அப்படியே திருப்பிக் காட்டிவிடுங்கள். சந்தேகம் போய்விடும், பெரும்பாலும் டீயும் வரும். ஒருவர் முகத்தை அடையாளம் தெரியும்படி வரைவதாக இருந்தால் கேட்டுவிட்டு வரையுங்கள். கோயிலுக்குள் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கருவறைப் பக்கம் நோட்டைத் திறக்கவே வேண்டாம். பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோயில் பக்கம் எல்லாம் 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வரும். சோதனைச் சாவடியில் சொல்லும் நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். அங்கே இன்னும் ஒரு கோடு என்று உட்காரக்கூடாது.

ஆண்டைப் பங்கிடுவது

பன்னிரண்டு மாதமும் புதுப் புது இடமாக ஓடினால் திரும்பிப் பார்க்கும்போது ஒப்பிட ஒன்றும் இருக்காது. ஆகவே ஓர் இடத்தை நிலையாக வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை அங்கே போங்கள், அதே படியில் உட்காருங்கள். மற்ற நாட்களில் சுற்றுங்கள்.

நிலையான இடத்துக்குக் குறுக்குத்துறையை மிஞ்ச எனக்குத் தெரிந்து வேறு இல்லை. முருகன் கோயில் தாமிரபரணிக்கு உள்ளேயே நிற்கிறது. பங்குனி, சித்திரையில் பாறைகள் வெளியே தெரியும், கல் மண்டபத் தூண்கள் அடிவரை காயும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் ஏறினால் கோயில் மூழ்கும். உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவது வழக்கம். 2023 டிசம்பர் 17, 18 பெருவெள்ளத்தின் உயரத்தைச் செய்தியில் எல்லாரும் படித்தோம். ஆனால் அந்த மண்டபத் தூணை ஏற்கெனவே ஒருமுறை முழுசாக வரைந்தவருக்குத் தண்ணீர் எந்த வளையம்வரை வந்தது என்று கையே சொல்லும். இடம் ஒன்றே, மாறுவது நீர்மட்டம் மட்டும். பன்னிரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்தால் இரண்டு பருவமழையும் அதில் இருக்கும்.

சுற்றுவதற்கு மாதமே வழி காட்டும். தையில் காருகுறிச்சியின் மண்பானைகள் சந்தைக்கு வந்திருக்கும். பானையின் வாய் நீள்வட்டம் பழகுவதற்கு அதைவிட மலிவான பாடம் கிடையாது. அதே நாட்களில் கூந்தன்குளத்தில் பறவைகள் வந்து தங்கியிருக்கும். அங்கே நாரைகள் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் பட்டாசுகூட வெடிப்பதில்லை. பறவையை வரைய முடியாதவர்கள் மரத்தை வரையலாம், எச்சம் விழுந்து வெளுத்த கிளைகள் பேனாவுக்கு நன்றாக வரும். மாசி, பங்குனியில் பிசான நெல் அறுவடை.

கோடையில் பனங்காடு. பனையேறி மரத்தில் இருக்கும் நேரம் குறைவு, அவரை உச்சியில் வரைவதும் கடினம். அவர் இறங்கி வந்து கீழே வைக்கும் பொருட்களை வரையுங்கள். காலில் மாட்டும் தளைநார், மரம் ஏற உதவும் முருக்குத்தடி, அரிவாள் பெட்டி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயம். சுண்ணாம்பு பதநீர் புளிக்காமல் இருக்க. அந்த வெள்ளை விளிம்பைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். அரிவாள் பெட்டியின் பின்னலைப் பொறுமையாகப் பின்தொடர்ந்தால் ஒரு முழுக் காலை போய்விடும், போகட்டும். சித்திரை வெயிலில் வண்ணம் தூரிகையிலேயே காய்ந்துவிடும். பெரிய பரப்புகளைக் காலை 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம். ஐந்து தேர்கள், நாலு ரத வீதி, பெருங்கூட்டம். முழுத் தேரையும் வரைய நினைத்தால் கூட்டத்தின் தலைதான் மிஞ்சும். தேர் திரும்பும் முனை ஒன்றில் மாடி கிடைத்தால் ஏறிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் சக்கரத்துக்கு வாருங்கள். சக்கரத்தடியில் சறுக்குக் கட்டை போடுகிறவர்களும் பின்னாலிருந்து தடி போடுகிறவர்களும்தான் தேரை நடத்துகிறவர்கள். கட்டையைச் செருகி, சக்கரம் ஏறியதும் உருவி, அடுத்த அடிக்கு ஓடி, மறுபடி குனிகிறார்கள். புரோட்டா மாஸ்டரிடம் பழகிய வித்தை இங்கே உதவும். பாதுகாப்பான தூரத்தில் நில்லுங்கள். வடம் இழுபடும்போது கூட்டம் யாருக்காகவும் விலகாது.

ஆடியில் குற்றாலச் சாரலும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும். குற்றாலம் 2019 முதல் தென்காசி மாவட்டம் ஆகிவிட்டது என்றாலும் சாரலுக்கு எல்லை தெரியாது. பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகளை வரையப் போகிறவர்கள் நாலு மூலைக்கும் கிளிப் போடவும். புரட்டாசியில் பாளையங்கோட்டை தசரா. விளக்கலங்காரச் சப்பரங்களை இரவில் வரைய, கறுப்புத் தாளில் வெள்ளைப் பென்சில் சுலபம். மழை மாதங்களில் கூரைக்குக் கீழே போய்விடுங்கள். நெல்லை சந்திப்பின் ஈரடுக்கு மேம்பாலத்துக்கு அடியில் நின்றால் நனையாமல் ஒரு நகரமே கிடைக்கும். பத்தமடையில் பாய் நெய்கிற வீட்டுத் திண்ணையில் இடம் கொடுத்தால் இன்னும் நல்லது. அந்த மாதங்களில் வண்ணம் காய மாட்டேன் என்று அடம்பிடிக்கும், பேனாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மார்கழி விடியலில் பாளையங்கோட்டை ஊசிக் கோபுரம். 1826இல் கட்டிய அந்தத் தேவாலயத்தின் கூர்முனையை வரையும்போது கை நடுங்கினால் குளிரின்மேல் பழி போடலாம்.

திரும்பிப் பார்க்கும் நாள்

பன்னிரண்டு மாதம் ஆனதும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். எல்லாப் பக்கங்களையும் மர நிழலில், நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் படம் எடுங்கள்; பிளாஷ் வேண்டாம். படங்களைச் சிறிதாக அச்சடித்து வெட்டி, பாயை விரித்துத் தரையில் பரப்புங்கள். நல்லது கெட்டது என்று பிரிக்கும் ஆசை வரும், அதை மட்டும் அன்றைக்கு அடக்கிக்கொள்ளவும்.

முதல் சுற்றில் மாத வாரியாக அடுக்குங்கள். வெறுமையாக இருக்கும் மாதங்களைக் குறித்துக்கொண்டு காரணம் எழுதுங்கள்: தேர்வு, காய்ச்சல், சோம்பல், எதுவானாலும்.

இரண்டாம் சுற்று நேர வாரியாக. ஓரத்தில் எழுதிய மணி இப்போது உதவும். பெரும்பாலானவர்களின் ஆண்டு காலை 7 முதல் 9 வரைக்கும் மாலை 5க்கு மேலும்தான் இருக்கும். மதியம் 2 மணிக்கு அடைத்த கடைகளும் திண்ணையில் தூங்குகிறவர்களும் உள்ள ஊர் ஒன்று இருக்கிறது. அது யார் நோட்டிலும் அகப்படுவதில்லை.

மூன்றாம் சுற்று இட வாரியாக, இதுதான் நீண்டது. ஒரு பெரிய தாளில் பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணியை ஒரே கோடாக வரையுங்கள். பாபநாசம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம் என்று ஊர்களைக் குறித்து, ஒவ்வொரு படத்துக்கும் அது வரைந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மழை மாதத்துக்கு நீலம், கோடைக்குச் சிவப்பு. புள்ளிகள் எங்கே குவிகின்றன, எங்கே ஒன்றுமே இல்லை என்று அந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிடும். டவுனிலும் பாளையங்கோட்டையிலும் புள்ளி அப்பிக் கிடக்கும், பக்கத்திலேயே இருக்கும் மேலப்பாளையத்தில் ஒன்றும் இருக்காது. சுலோச்சன முதலியார் 1843இல் கட்டிக்கொடுத்த பாலத்தை எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள், ஒருமுறையும் நின்று வரைந்திருக்கமாட்டீர்கள். முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களின் கை, பாளையங்கால்வாயில் துணி துவைக்கிற கல், ரேஷன் கடை வரிசை, இவையும் விடுபட்டிருக்கும். கோபுரம் மட்டும் நிறைய இருக்கும். கோபுரத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அது எங்கும் போய்விடாது. சந்திப்புப் பேருந்து நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது, பழைய நிலையத்தின் தூணையும் பெஞ்சையும் வரைந்து வைத்திருந்தவர்களின் நோட்டில் மட்டும் அது மிஞ்சியது. நாளைக்கு எது போகும் என்று ஊரில் ஓரளவு எல்லாருக்கும் தெரியும். அந்த இடங்களை அடுத்த ஆண்டுப் பட்டியலின் தலையில் எழுதுங்கள்.

கடைசியாக, மூன்று பக்கங்களைத் தேர்ந்தெடுங்கள்: எளிதாக வந்தது ஒன்று, பாதியில் நின்றது ஒன்று, ஏன் வரைந்தீர்கள் என்றே நினைவில்லாதது ஒன்று. அடுத்த ஆண்டு அதே மாதம், அதே மணிக்கு, அதே இடத்துக்குப் போய் மறுபடி வரையுங்கள். பழைய பக்கத்தைக் கையில் எடுத்துப் போகாதீர்கள். அதைப் பார்த்துப் பார்த்து வரைவீர்கள். வீட்டுக்கு வந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கோடு மாறியிருக்கிறதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் வெட்டிய மரம், புதுப் பலகை, வேறு நிறம் அடித்த சுவர் ஆகியவற்றை எண்ணுங்கள்.

நோட்டுகளைப் பத்திரப்படுத்துவது தனிப் பாடு. சுவரில் சாய்த்து வைத்தால் கரையானுக்கு வசதி. தரையிலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, தையில் ஒரு நாள் நிழலில் விரித்து ஆற்றிவிட வேண்டும். ராமபாணப் பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலையோ வசம்புத் துண்டோ துணியில் கட்டி அலமாரியில் போடலாம், பக்கங்களுக்கு நடுவே வைத்தால் கறை பிடிக்கும். ஒவ்வொரு நோட்டின் முதுகிலும் தொடங்கிய மாதமும் முடிந்த மாதமும் எழுதுங்கள். ஆற்றின் கோடு வரைந்த அந்தப் பெரிய தாளை மடித்து அடுத்த ஆண்டு நோட்டின் பின்னட்டையில் ஒட்டிவிட்டால், எங்கே போவது என்று காலையில் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.